பாய்ப்படகு மாஸ்ட் வேலையை வேலூரிலேயே முடிக்க முடியுமா?

மார்ச் 8, இரவு. காட்பாடியிலிருந்து வந்த கேள்வி

"எண்டர்பிரைஸ் என்கிற சின்னப் பாய்ப்படகு ஒன்று, பழையது, கைக்கு வந்திருக்கிறது. கல்லூரியில் என்.சி.சி. கடற்படைப் பிரிவில் இருந்தபோது ஓட்டிய அதே வகை என்பதால் ஆசைப்பட்டு வாங்கிவிட்டேன். படகு சென்னையில் நிற்கிறது. மாஸ்ட்டை, அதாவது பாய்மரக் கம்பத்தை, மட்டும் டாடா ஏஸில் போட்டு, பின்னால் சிவப்புத் துணி கட்டி, வீடு சேர்த்தாயிற்று. அலுமினியம் மாஸ்ட். பாயின் அடியைப் பிடிக்கும் பூம் கம்பை மாஸ்ட்டில் மாட்டுகிற கூஸ்நெக் மூட்டு ஆடுகிறது. மாஸ்ட்டை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் ஷ்ரவுட் கம்பி மாட்டும் தகடு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. உச்சியில் இருக்கும் உருளை சுற்றவே இல்லை. ஸ்குரூ ஒன்றும் அசையவில்லை. சென்னையில் கேட்டால் புது மாஸ்ட் போடு என்கிறார்கள். கடலே இல்லாத ஊரில் இதற்கு ஆள் உண்டா? இல்லை திருப்பி ஏற்றி அனுப்பிவிடட்டுமா?"

மார்ச் 9, காலை

அனுப்பாதீர்கள். புது மாஸ்ட்டும் வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்று வேலையும் வேலூர், ராணிப்பேட்டை பட்டறைகளில் நடக்கக்கூடியவை. என் மாஸ்ட்டும் எண்டர்பிரைஸ்தான். சத்துவாச்சாரியில் மாடிப்படி ஓரமாகப் படுத்துக் கிடக்கும் போதெல்லாம் இந்த வேலைகள் அதற்கு நடந்திருக்கின்றன.

கடல் இல்லாத ஊர் என்கிறீர்கள். மாஸ்ட்டுக்குக் கடல் எதிரி இல்லை. அலுமினியமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் ஒட்டி நிற்கிற இடத்தில் உப்புத் தண்ணீர் புகுந்தால்தான் தொல்லை. அந்த மூன்றும் சேர்ந்துவிட்டால் அலுமினியம் கரைய ஆரம்பிக்கும், ஸ்டீல் பளபளவென்று அப்படியே நிற்கும். ஃபிட்டிங்கின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிகிறதா பாருங்கள். கரைந்த அலுமினியம்தான் அது. இருந்த உலோகத்தைவிட அந்தப் பொடிக்கு இடம் அதிகம் வேண்டும். அதனால் மரைக்குள் புடைத்துக்கொண்டு ஸ்குரூவை இறுக்கிப் பிடித்துவிடுகிறது. தகடு ஒரு பக்கம் தூக்கியிருப்பதற்கும் காரணம் அதுவாகத்தான் இருக்கும், அடியிலிருந்து பொடி நெம்புகிறது.

உப்பு எதைத் தின்னும், எதை விடும் என்று தெரிந்தவர்கள் வேண்டுமென்றால் தோல் தொழில் நடக்கிற ஊரைவிட நல்ல இடம் உண்டா? பச்சைத் தோல் உப்புப் போட்டுத்தான் வருகிறது. கழுவிய தண்ணீரெல்லாம் உப்பு. பம்பு, குழாய், வால்வு, எதை மாட்டினாலும் அந்த உப்பைத் தாங்க வேண்டும். ராணிப்பேட்டையில் சுத்திகரிப்பு நிலைய வேலை பார்த்த ஃபிட்டர் ஒருவரைப் பிடியுங்கள். மாஸ்ட் என்றால் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். இந்த வெள்ளைப் பொடியைக் காட்டினால் போதும், மீதியை அவரே சொல்வார்.

மார்ச் 9, மாலை

படம் பார்த்தேன். கூஸ்நெக் பக்கம் பயப்பட ஒன்றுமில்லை. ஷ்ரவுட் தகட்டுக்குக் கீழே, ரிவெட் ஓட்டையிலிருந்து மெல்லிய கோடு ஒன்று போகிற மாதிரி இருக்கிறதே, அது கீறலா விரிசலா? படத்தில் சொல்ல முடியாது, நகத்தால் தடவிப் பார்த்தும் சொல்ல முடியாது.

ராணிப்பேட்டை பெல் ஆலைக்கு வேலை எடுத்துச் செய்கிற பட்டறைகளில் வெல்டிங்கைச் சோதிக்க டி.பி. டெஸ்ட் கிட் வைத்திருப்பார்கள். மூன்று ஸ்பிரே டப்பா. முதலில் துடைக்கிற மருந்து, அப்புறம் சிவப்புச் சாயம், கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடைத்துவிட்டு மேலே வெள்ளை. விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய சிவப்பு வெள்ளைமேல் கோடாகக் கசிந்து வரும். கீறல் என்றால் ஒன்றும் வராது. டீ குடிக்கிற நேர வேலை. சும்மாவே செய்து கொடுப்பார்கள், என்ன குழாய் இது என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நீளவாக்கில் சின்ன விரிசல் என்றால் அதன் நுனியில் ஒரு சின்ன ஓட்டை போட்டு நிறுத்தி, அந்த இடத்துக்கு மேல் உறை போடலாம். குறுக்கே, அதாவது மாஸ்ட்டைச் சுற்றி ஓடும் விரிசல் என்றால் வேறு பேச்சு. அங்கே நான் காசைப் பார்க்க மாட்டேன், புது மாஸ்ட்தான்.

மார்ச் 11

விரிசல் இல்லை, கீறல்தான் என்று காட்பாடிக்காரர் எழுதியிருக்கிறார். நல்லது. இனி கழற்றுவது.

கழற்றுவதில் பொறுமைதான் பாதி வேலை. திருப்புளியை வைத்து முதல் நாளே திருகினால் ஸ்குரூவின் தலை வழுக்கிப்போகும், அதற்குப் பிறகு எந்த மருந்தும் உதவாது. துருவை இளக்கும் எண்ணெயைச் சாயங்காலம் சொட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். மறுநாள் காலையில் இன்னொரு சொட்டு. பிறகு சுத்தியலால் தட்டினால் திரும்புகிற இம்பாக்ட் டிரைவர். பழைய டூவீலர் மெக்கானிக் எல்லாரிடமும் இருக்கும், புல்லட் வேலை பார்க்கிறவரிடம் நிச்சயம் இருக்கும். ஒரு அடி இறுக்குகிற பக்கம், ஒரு அடி கழற்றுகிற பக்கம். இறுக்கும் பக்கம் எதற்கு என்று கேட்காதீர்கள், பொடி உடைய வேண்டும், எந்தப் பக்கம் உடைந்தால் என்ன.

சூடு காட்டலாம். ஒரு மீட்டர் அலுமினியத்தை நூறு டிகிரி கூடுதலாகச் சூடேற்றினால் ஏறக்குறைய 2.3 மில்லிமீட்டர் நீளும். ஸ்டெயின்லெஸ் 1.7 அளவுதான். ஆக ஓட்டை ஸ்குரூவைவிடக் கூடுதலாக விரிந்து கொடுக்கும். ஹாட் ஏர் கன் போதும். குடியாத்தத்திலிருந்து ஒரு அண்ணன் கேஸ் வெல்டிங் டார்ச்சைக் காட்டு, ஒரே நிமிஷம் என்று எழுதியிருக்கிறார். அண்ணா, அது இரும்பு கேட்டுக்குச் சரி. அலுமினியம் சிவக்காமலேயே உருகிவிடும், முன்னறிவிப்பே கிடையாது. உருகாவிட்டாலும், இருநூறு டிகிரியைத் தாண்டி நிறுத்தி வைத்தால் ஆலையில் கொடுத்த பதம் இறங்கிவிடும். பார்க்க அதே மாஸ்ட், வளைவது வேறு மாதிரி.

ரிவெட் கழற்றுவது தனிக் கலை. நேராக டிரில் பிட்டை வைத்தால் நடுவில் இருக்கும் இரும்பு ஊசியில் வழுக்கிப் பக்கத்தில் போய்த் துளைக்கும், ஓட்டை முட்டை வடிவமாகும். முதலில் சின்ன பஞ்ச் வைத்து அந்த ஊசியை உள்ளே தட்டிவிட வேண்டும். பிறகு ரிவெட் அளவுக்கே டிரில் பிட், மெதுவான வேகம், ஒரு சொட்டு எண்ணெய். தலை வளையம் போலக் கழன்று பிட்டோடு சேர்ந்து சுற்ற ஆரம்பிக்கும். அப்போது நிறுத்துங்கள். மிச்சத்தைப் பஞ்சால் தள்ளினால் உள்ளே விழுந்துவிடும்.

மார்ச் 11, கொஞ்ச நேரம் கழித்து

ஒன்று விட்டுப்போனது. உள்ளே விழுந்த ஊசிகளையும் ரிவெட் வால்களையும் அங்கேயே விடக்கூடாது. மாஸ்ட்டின் அடி அடைப்பைக் கழற்றி, இரண்டு பேர் பிடித்துச் சாய்த்து உலுக்குங்கள். பல ஊசிகள் சாதா இரும்பு. ஈரத்தில் துருப்பிடித்து அடியில் சேறு மாதிரி உட்காரும், அந்த இடத்து அலுமினியமும் சேர்ந்து போகும். அதோடு படகு ஆடும்போதெல்லாம் கிலுகிலுவென்று சத்தம். சலங்கை கட்டிய மாஸ்ட் யாருக்கு வேண்டும்.

மார்ச் 14

எம்-சீல் போட்டு அடைத்துவிட்டால் போதாதா என்று கேட்டவருக்கு: பழைய ஓட்டையை மூட எம்-சீல் தாராளமாகப் போடலாம், தண்ணீர் உள்ளே போகாது. ஆனால் அதன்மேலேயே மறுபடி ரிவெட் அடித்துப் பாரம் ஏற்ற முடியாது. ஓட்டை பெரிதாகியிருந்தால் ஒன்று அடுத்த அளவு ரிவெட்டுக்குப் போக வேண்டும், அல்லது ஃபிட்டிங்கையே மேலோ கீழோ கொஞ்சம் தள்ளிப் புது இடத்தில் வைக்க வேண்டும். தள்ளும்போது பழைய ஓட்டைகளும் புது ஓட்டைகளும் ஒரே குறுக்குக் கோட்டில் வந்துவிடாமல் பாருங்கள். வந்தால் தபால்தலை கிழிகிற மாதிரி மாஸ்ட் அந்த வரிசையில்தான் கிழியும்.

மார்ச் 17

இப்போது ஸ்டீல். காந்தம் ஒட்டினால் 304, ஒட்டாவிட்டால் 316 என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். லாங் பஜாரில் பாத்திரம் வாங்கும்போது சொல்வார்களே, அந்தக் கணக்கு. இரண்டிலுமே காந்தம் ஒட்டாது என்பதுதான் பொது விதி. ஆனால் கம்பியாக இழுத்தாலோ தகடாக மடக்கினாலோ இரண்டுமே கொஞ்சம் ஒட்ட ஆரம்பிக்கும், 304 கூடுதலாக ஒட்டும். ஆக, காந்தத்தை வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. 304-ல் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 316-ல் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது. உப்பைத் தாங்குவது அந்த மாலிப்டினத்தால்தான். அதைக் கண்டுபிடிக்க ஒரு சொட்டு மருந்து உண்டு. சின்ன பேட்டரியை வைத்துச் செய்வார்கள், நிறம் மாறினால் 316. ராணிப்பேட்டையில் ஸ்டெயின்லெஸ் குழாய் விற்கும் பெரிய கடைகளில் கேளுங்கள், தோல் ஆலைக்காரர்கள் சும்மா வாங்கிப் போவதில்லை.

தகடு, போல்ட்டு எல்லாம் 316 என்று கேட்டே வாங்குங்கள். விலை கூடத்தான். எடை எவ்வளவு, ஒரு உள்ளங்கை அளவு தகடு.

மார்ச் 18

ஷ்ரவுட் கம்பி. இதில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் உள்ளூர் மூளை தப்பான பக்கம் ஓடுவது இங்கேதான்.

நம் பக்கம் போர்வெல் இல்லாத தெரு கிடையாது. சப்மெர்சிபிள் மோட்டாரைத் தொங்கவிட எஸ்.எஸ். ரோப் விற்கிறார்கள். பார்க்க அப்படியே ஷ்ரவுட் மாதிரி. விலை மலிவு. காட்பாடிக்காரரும் அதைத்தான் வாங்கி வைத்திருக்கிறார். திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது பல இழைகளை முறுக்கிய மெத்தென்ற கம்பி, உருளையில் ஓடுவதற்கும் சுருட்டி வைப்பதற்கும் சௌகரியம். பாரம் ஏறினால் நீளும். ஷ்ரவுட் நீளக்கூடாது. ஷ்ரவுட்டுக்கு வேண்டியது ஒன்றுக்குப் பத்தொன்பது (1x19) என்கிற வகை. பத்தொன்பது தடித்த இழைகள், ஒரே முறுக்கு, வளைக்கவே அடம்பிடிக்கும். என் படகில் 3 மில்லிமீட்டர் போட்டிருக்கிறேன். 316-ல் அது அறுவதற்குச் சுமார் 700 கிலோ இழுக்க வேண்டும். இதைச் சென்னையிலிருந்துதான் வரவழைக்க வேண்டும், வேலூரில் கிடைக்காது. மாஸ்ட் வேலையில் சென்னைக்குக் கை நீட்ட வேண்டிய இடம் என் கணக்கில் இரண்டுதான். ஒன்று இந்தக் கம்பி, இன்னொன்று பின்னால் வருகிற ரிவெட்.

பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி கண்ணுக்கு அழகு, வாங்காதீர்கள். ஸ்டெயின்லெஸ் தன்னைக் காத்துக்கொள்வதே காற்றுப் பட்டு மேலே படிகிற மெல்லிய படலத்தால்தான். உறைக்குள் தண்ணீர் தேங்கிக் காற்று போகாவிட்டால் அந்தப் படலம் கிழிந்த இடம் மறுபடி மூடாது. வெளியே வெள்ளை வெளேரென்று இருக்கும், உள்ளே இழை இழையாக அறுந்திருக்கும்.

கம்பி நுனியை வளையமாக, அதாவது கண்ணாக, மடக்கும்போது போடுகிற குழாய்த் துண்டு, அதாவது ஃபெரூல், செம்பாக இருக்கட்டும். கடையில் அலுமினியம்தான் முதலில் எடுத்துக் கொடுப்பார்கள். மேலே மார்ச் 9 குறிப்பைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள், ஸ்டெயின்லெஸ் கம்பிமேல் அலுமினியம் இறுக்கிப் பிடித்தால் யார் கரைவார்கள் என்று. கண்ணுக்குள் திம்பிள், அதாவது கம்பி நசுங்காமல் தாங்கும் உலோக வளையம், வைக்க மறக்கக்கூடாது. வைஸில் வைத்து நசுக்குவது, சுத்தியலால் தட்டுவது எல்லாம் துணி காயப்போடும் கம்பிக்கு. அதற்கென்று இருக்கிற கிரிம்பிங் டூலால் அழுத்த வேண்டும். அளவுக் கட்டை கூடவே வரும், அழுத்தியதற்கு மேல் அதைப் போட்டுப் பார்த்தால் சரியா இல்லையா என்று தெரிந்துவிடும்.

மார்ச் 19

பைக் கிளட்ச் கேபிளும் அப்படித்தானே முறுக்கியிருக்கிறது, அதைப் போடலாமா என்று ஒரு தம்பி. முறுக்கு சரிதான் தம்பி, இரும்பு சரியில்லை. துத்தநாகம் பூசிய சாதாக் கம்பி, கடல் தண்ணீரில் ஒரு பருவம்கூடத் தாங்காது. கேள்வி நல்ல கேள்வி.

மார்ச் 23

ஆம்பூரிலிருந்து ஒருவர்: "தகடுக்கும் மாஸ்ட்டுக்கும் நடுவில் தோல் வாஷர் போட்டால் இரண்டு உலோகமும் தொடாதே. எங்களிடம் துண்டுத் தோல் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது."

யோசனை பாதி சரி. தொடாமல் வைக்க வேண்டும், அதுதான் இந்த வேலையின் உயிர். ஆனால் தோல் ஈரம் குடிக்கும், குடித்ததை விடாது. குரோம் போட்டுப் பதனிட்ட தோலில் உப்பும் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு உலோகத்துக்கு நடுவில் உப்புத் தண்ணீர்ப் பையை நாமே வைத்த மாதிரி ஆகிவிடும். தடித்த பாலிதீன் ஷீட்டோ நைலான் ஷீட்டோ வெட்டிப் போடுங்கள். தண்ணீர் குடிக்காத எதுவும் சரி.

உங்கள் தோலுக்கு வேறு இடம் இருக்கிறது. ஷ்ரவுட்டை மாஸ்ட்டிலிருந்து தள்ளிப் பிடிக்கும் ஸ்பிரெடர் குச்சியின் நுனி பாயில் உராய்கிற இடம், துடுப்பு வளையத்தில் உட்காரும் இடம், அங்கெல்லாம் தோல்தான் ராஜா. பட்டை போட்டுப் பதனிட்ட தோல் இருந்தால் அதைக் கொடுங்கள். அதைவிட முக்கியம், உங்கள் ஊர் ஷூ கம்பெனிகளுக்குத் தைக்கிற தையல் மிஷின். பாயின் மூலை கிழிந்தால் நாலு மடிப்புத் துணியை ஊடுருவித் தைக்கிற மிஷின் சாதாரண டெய்லரிடம் இல்லை, உங்களிடம் இருக்கிறது. ஐலெட் அடிக்கும் மிஷினும் இருக்கிறது. பித்தளை ஐலெட் மட்டும் கேட்டு வாங்க வேண்டும், ஷூவுக்குப் போடுவதில் முலாம் பூசிய இரும்பும் உண்டு.

மார்ச் 23, இரவு

ஷீட் போட்டாலும் ரிவெட் இரண்டையும் தொட்டுக்கொண்டுதானே போகிறது என்று சரியாகப் பிடித்திருக்கிறார் காட்பாடிக்காரர். ஆமாம். அதனால்தான் ஒவ்வொரு ரிவெட்டையும் பசையில் தோய்த்து அடிக்க வேண்டும். இதற்கென்றே விற்கும் மஞ்சள் பசை குரோமேட் கலந்தது. வேலை நன்றாகச் செய்யும், ஆனால் வெறுங்கையில் தொடாதீர்கள். ராணிப்பேட்டை சிப்காட்டில் மூடிப்போன ஆலை விட்டுச்சென்ற குரோமியக் கழிவு மேட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கையுறை போட முடியாது என்றால் லனோலின் கிரீஸ் வாங்குங்கள். ஆட்டு ரோமத்திலிருந்து எடுப்பது, கையில் பட்டால் கை மெத்தென்று ஆகும், அவ்வளவுதான். எனக்குப் பிடித்தது லனோலின். என்ன, வேலூர் வெயிலில் இளகி வழியும். கத்திரிக்கு முன்னால் பூசிவிட்டு நிழலில் போடுங்கள்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். கேட்டவர் பெயரைச் சொல்லவில்லை.

ஏப்ரல் 2

ரிவெட் பற்றி. எல்லாவற்றையும் ரிவெட்டே அடித்துவிடலாமா, கூஸ்நெக்குக்காவது போல்ட்டு வேண்டாமா என்று கேள்வி.

மாஸ்ட்டின் சுவர் கனம் இரண்டு மில்லிமீட்டருக்குள்தான். எம் 5 போல்ட்டின் மரை 0.8 மில்லிமீட்டருக்கு ஒன்று. இரண்டு, மிஞ்சினால் இரண்டரை மரைதான் பிடிக்கும். டேப் போட்டு மரை வெட்டி ஸ்குரூ முறுக்கினால் முதலில் நன்றாக இறுகும், அப்புறம் ஒரு பலத்த காற்றில் மரையோடு உருவிக்கொண்டு வரும். உங்கள் கூஸ்நெக் ஆடுவதும் அப்படித்தான் ஆகியிருக்கிறது, படத்தில் மரை வழித்த தடம் தெரிகிறது. ஆகவே ரிவெட்.

ஆனால் எந்த ரிவெட் என்பதில் தராதரம் உண்டு. கயிறு மாட்டும் கிளீட் மாதிரிச் சின்ன வேலைக்கு அலுமினியம் ரிவெட் போதும், மாஸ்ட்டோடு சண்டையும் போடாது. ஷ்ரவுட் தகடு, கூஸ்நெக், இந்த இரண்டுக்கும் மோனல் ரிவெட். மோனல் என்பது மூன்றில் இரண்டு பங்கு நிக்கல், மிச்சம் பெரும்பாலும் செம்பு. பலம் அதிகம், அதே சமயம் ஸ்டெயின்லெஸ் ரிவெட்டைவிட மிருதுவாக மடங்கி ஓட்டையை நிறைத்து உட்காரும். 4.8 மில்லிமீட்டர் அளவு. ஹார்டுவேர் கடைகளில் கேட்டால் மேலும் கீழும் பார்ப்பார்கள், சென்னைப் படகுச் சாமான் விற்பவர்களிடம் சொல்லி வைத்து வாங்குங்கள். கையில் அழுத்தும் சின்ன கன் மோனலுக்குப் பத்தாது, கை வலித்ததுதான் மிச்சமாகும். கத்திரி போல விரிந்து மடங்கும் லேசி டாங் கன், அலுமினியம் பார்ட்டிஷன் வேலை செய்கிறவர்கள் சிலரிடம் இருக்கும்.

அடித்த பிறகு ஊசி முறியும் சத்தம் ஒரே மாதிரி வர வேண்டும். டப் டப் டப் என்று வந்துகொண்டிருக்கும்போது ஒன்று மட்டும் சப்பென்று வந்தால் அந்த ரிவெட் சரியாகப் பிடிக்கவில்லை, துளைத்து எடுத்துவிட்டு வேறு அடியுங்கள்.

ஏப்ரல் 7

உச்சி உருளைக்கு யாரும் பதில் எழுதவில்லை, நானே எழுதுகிறேன். எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான்.

பழைய உருளை சுற்றாததற்குப் பெரும்பாலும் அச்சு காரணமாக இருக்காது. உருளை நைலானில் செய்ததாக இருந்தால் தண்ணீர் குடித்து ஊதிவிடும், இடுக்கில் மாட்டிக்கொள்ளும். பார்த்தால் தெரியாத அளவுதான் ஊதும், ஆனால் இடைவெளியே அவ்வளவுதானே. புதிது செய்யும்போது டெல்ரின் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் கட்டையில் கடையச் சொல்லுங்கள், அது தண்ணீர் குடிப்பது மிகக் குறைவு. காட்பாடியில் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை, டெல்ரின் துண்டும் அவர்களிடமே கிடக்கும், மிஷின் புஷ் செய்ய வைத்திருப்பார்கள்.

நான் போன பட்டறையில் டர்னர் பழைய உருளையை விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சார், இது என்ன, பொம்மைக் கிணத்துக்கு உருளையா?" என்றார். பாய் ஏற்றுகிற கயிறு இதன்மேல் ஓடும் என்று சொன்னேன். கயிறு எவ்வளவு தடிமன் என்று கேட்டார். சொன்னேன். டூலைக் கல்லில் தீட்டினார், கயிற்றுத் துண்டை டூல் முனையில் வைத்துப் பார்த்தார், மறுபடி தீட்டினார். காடி கயிற்றைவிடக் கொஞ்சமே அகலமாக, அடியில் அரை வட்டமாக வர வேண்டும் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் கை அதைச் செய்துகொண்டிருந்தது. வெள்ளைச் சுருள் சுருளாக வந்து விழுந்தது. கடைசியில் உருளையின் இரண்டு பக்கமும் விரல் வைத்துக் காட்டி, "இந்த விளிம்புக்கும் உங்க பெட்டிக்கும் நடுவில் கயிறு நுழையக் கூடாது, அவ்வளவுதானே?" என்றார். அவ்வளவுதான். கயிறு உருளையை விட்டுத் தாண்டிப் பக்கத்து இடுக்கில் சிக்குவதுதான் மாஸ்ட் உச்சியின் தீராத நோய். சிக்கினால் பாயை இறக்கவும் முடியாது ஏற்றவும் முடியாது, காற்று ஏறும்போதுதான் சிக்கும்.

ஓரத்துக் கூர்மையை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். அச்சுக்கு 316 கம்பித் துண்டு.

ஏப்ரல் 15

எல்லாம் மாட்டியாயிற்று, வீட்டு வாசலிலேயே நிமிர்த்திப் பார்க்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறார்.

நிறுத்துங்கள். தலைக்கு மேல் பாருங்கள். இருபது அடிக்கு மேல் அலுமினியம். நம் தெருக்களில் மின்கம்பி எவ்வளவு உயரத்தில் போகிறது என்று உங்களுக்கே தெரியும். மொட்டை மாடியில் நிமிர்த்துவது அதைவிட மோசம், 11 கே.வி. கம்பி கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடும். தொட வேண்டும் என்றுகூட இல்லை, அந்த அழுத்தத்தில் பக்கத்தில் போனாலே மின்சாரம் பாயும். பாய்ப்படகுகளில் நடக்கும் பெரிய விபத்துகளில் இது ஒன்று, கரையிலேயே நடக்கிறது. கம்பி இல்லாத மைதானம் ஒன்றைத் தேடுங்கள். இல்லையென்றால் படகு இருக்கும் இடத்தில்தான் நிமிர்த்த வேண்டும், அங்கேயும் மேலே பார்த்துவிட்டு.

இந்த ஒன்றில் மட்டும் விளையாட்டுப் பேச்சு வேண்டாம். அடுத்தவர் யாராவது "ரப்பர் செருப்பு போட்டால் போதும்" என்று எழுதுவதற்கு முன்பே சொல்கிறேன், போதாது.

ஏப்ரல் 16

காவேரிப்பாக்கம் ஏரியில் இறக்கினால் என்ன, சென்னை வரை எதற்கு என்று கேட்டவர்களுக்கு. எனக்கும் ஆசைதான். வாலாஜா பக்கத்துப் பாலாறு அணைக்கட்டிலிருந்து கால்வாயில் தண்ணீர் வந்து நிறைந்திருக்கும்போது கரையில் நின்று பாருங்கள், காற்றுக்குக் குறைவே இல்லை. ஆனால் அது பாசன ஏரி, நீர்வளத்துறையிடம் அனுமதி இல்லாமல் சொந்தப் படகை இறக்கக் கூடாது. அதோடு தண்ணீர் வற்றும்போது தெரியும் கருவேல மரங்களையும் மேடுகளையும் நினைத்துப் பாருங்கள், நிறைந்திருக்கும்போது அவை கண்ணுக்குத் தெரியாது. ஏலகிரி புங்கனூர் ஏரி சின்னது, மிதிபடகுகளுக்கு நடுவில் எண்டர்பிரைஸ் திரும்ப இடமில்லை. கோட்டை அகழியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, கேட்காதீர்கள்.

ஏப்ரல் 28

படகில் மாட்டிய பிறகு வந்த சந்தேகம்: மாஸ்ட் நேராக நிற்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், படகே சாய்ந்து நிற்கும். பெரிய பாயை ஏற்றும் கயிறு, அதாவது மெயின் ஹாலியார்ட், அதன் நுனியில் இஞ்ச் டேப்பைக் கட்டி உச்சிக்கு ஏற்றுங்கள். அது துணி டேப்பாக இருந்தால் நீளும், இரும்பு டேப். கீழ் நுனியை வலது பக்க ஷ்ரவுட் மாட்டும் பட்டைக்குக் கொண்டு போய் அளவைப் பாருங்கள், பிறகு இடது பக்கம். இரண்டும் ஒன்றாக இருந்தால் மாஸ்ட் நடுவில் நிற்கிறது. அதே டேப்பைப் படகின் பின்பலகை நடுவுக்கு இழுத்தால் மாஸ்ட் எவ்வளவு பின்னால் சாய்ந்திருக்கிறது என்ற அளவு கிடைக்கும். அந்த எண்ணை மாஸ்ட் அடியிலேயே மார்க்கரால் எழுதி வையுங்கள். காற்று நன்றாக இருந்த அன்றைக்கு என்ன எண்ணில் ஓட்டினோம் என்பது அடுத்த முறை ஞாபகம் வராது.

அரை அங்குல வித்தியாசம் இருக்கிறது என்கிறார். ஷ்ரவுட் அடியில் ஓட்டை வரிசையோடு ஒரு பட்டை இருக்கிறதே, அதில் ஒரு ஓட்டை மாற்றிப் போடுங்கள். கம்பியை வெட்ட வேண்டாம்.

மே 6

கழுவுவது பற்றி மேலே எங்கும் எழுதவில்லை. கடலுக்குப் போய்வந்தபின் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். நம் ஊரில் எது நல்ல தண்ணீர்? ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் பல போர்வெல்களில் வருவது உப்புத் தண்ணீர்தான். மாஸ்ட்டை ஊருக்குக் கொண்டுவந்து அந்தத் தண்ணீரில் கழுவினால் உப்பின் மேல் உப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற நாளில் ஒரு குடம் எடுத்து வைத்து, ஃபிட்டிங் இடுக்குகளில் மட்டும் ஊற்றிக் கழுவுங்கள். மழைக் காலமென்றால் மாடியில் படுக்கப் போட்டுவிடுங்கள், செலவில்லை. வீட்டில் குடிதண்ணீரை மாஸ்ட்டுக்கு ஊற்றினால் என்ன நடக்கும் என்பது அவரவர் வீட்டைப் பொறுத்தது.

மே 19

கடைசியாகக் கேட்டது, ஷ்ரவுட் பின்களில் போடும் ஸ்பிளிட் பின்னை எவ்வளவு விரிக்க வேண்டும் என்று. முழுசாகத் திருப்பி மடக்காதீர்கள், அடுத்த முறை கழற்றும்போது முறியும். இரண்டு காலும் கொஞ்சம் விலகினால் போதும், தானாக உருவிவராது. மேலே டேப் சுற்றலாம், பாய் கிழியாமல் இருக்கும். ஆனால் பின்னையும் கண்ணையும் சேர்த்து மம்மி மாதிரி மூடிவிடாதீர்கள், உள்ளே தண்ணீர் நிற்கும். ஒரு சுற்று, கூர்முனையின் மேல் மட்டும், அடிப்பக்கம் திறந்திருக்கட்டும். வருஷத்துக்கு ஒரு தரம் டேப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் புதுப் பின் போடுங்கள். ஒரு பாக்கெட்டே டீக்காசுதான், 316 என்று கேட்டு வாங்குங்கள்.